கேட்காமல் வரக்கூடாத வீடு

சிவனேஸ்வரிக்கு ஐம்பத்தொன்பது வயது. அதில் பத்தொன்பது வருடத்தை விமான நிலையத்தில், எக்ஸ்ரே மெஷினுக்குப் பின்னால் இருந்து, அடுத்தவர்களின் பைகளை எட்டிப் பார்த்தே கழித்தவள். ஒரு பைக்குள் என்ன இருக்கிறது என்று நாலு செக்கனில் சொல்லிவிடுவாள். ஆனால் லண்டனில், ஈஸ்ட் ஹாமில் இருக்கும் அவளுடைய சொந்த வீட்டுக்குள் இந்த நிமிஷம் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், மேலே ஏறி எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

மூன்று படுக்கையறை, ஒரு குளியலறை. பூட்டக்கூடிய கதவு குளியலறையுடையது மட்டும். காலிங் பெல்லை அடிப்பவர்கள் பார்சல்காரரும் பைபிளோடு வேதம் சொல்ல வருபவர்களும்தான். மற்றச் சனம் கதவில் தபால் போடும் ஓட்டைக்கு வாயை வைத்து, "அண்ணை நிக்கிறாரோ?" என்று கூப்பிடும். அண்ணை என்பது புருஷன் ஸ்ரீஸ்கந்தராஜா. பழைய மாணவர் சங்கத்துக்குச் செயலாளர், கிரிக்கெட் கழகத்துக்குப் போஷகர், செவன் கிங்ஸ் வரைக்கும் எந்தத் தமிழன் செத்தாலும் மண்டபம் பிடித்துக் கொடுப்பவர். நல்ல மனுஷன். நல்ல மனுஷனோடு வாழ்வது எவ்வளவு கரைச்சல் என்று சிவனேஸ்வரியைக் கேட்க வேண்டும். "வாங்கோ" என்று சொல்வது அவர். தேத்தண்ணி ஊற்றுவது அவள்.

இரண்டு கிழமைக்கென்று வந்த அவருடைய தமையன் மகன் கீர்த்தனன், சின்ன அறையில் ஒன்பது வருடமாக இருக்கிறான். வந்தபோது தலைநிறைய மயிர் இருந்தது. அவருடைய தங்கச்சி கமலேஸ்வரி செவ்வாயும் வெள்ளியும் வருவாள். பதினேழு வருடமாக ஒவ்வொரு தடவையும், "சும்மா இந்தப் பக்கம் வந்தனான் மச்சாள்" என்பாள். செவன் கிங்ஸில் இருந்து இந்தப் பக்கம் சும்மா வர, இரண்டு பஸ் மாற வேண்டும்.

சிவனேஸ்வரிக்கு மனிதர்களில் வெறுப்பில்லை. அவர்கள் வந்து சேருவதில்தான் வெறுப்பு.

போன வருடம் அவள் பென்ஷன் எடுத்தாள். இனி பகலில் வீட்டில் கால் நீட்டலாம் என்று நினைத்தாள். முதல் திங்கட்கிழமையே ஸ்ரீஸ்கந்தராஜா அளவு நாடாவோடு படியில் நின்றார்.

"இஞ்சேரப்பா, மேல கூரைக்குள்ள கிடக்கிற இந்த லொஃப்டை உடைச்சு ரெண்டு அறை போட்டமெண்டா, வாற போற சனத்துக்கு வசதியாயிருக்கும். இப்ப நீயும் வீட்டிலதானே."

அந்தக் கடைசி வசனம்தான் அவளை நெதர்லாந்துக்கு அனுப்பியது.

லொஃப்டுக்கு அவர் மனதில் வைத்திருந்த காசு, கோப்பாயில் இருந்த அவளுடைய சீதனக் காணி விற்றது. யாழ்ப்பாணத்துச் சட்டம் ஒரு விசித்திரம். காணி பெண்ணுடையது, விற்பதென்றால் மட்டும் புருஷன் சம்மதித்துக் கையெழுத்து வைக்க வேண்டும். ஸ்ரீஸ்கந்தராஜா கிரிக்கெட் பார்த்துக்கொண்டே வைத்தார். எதில் வைத்தார் என்பது அவருக்கு இரண்டாவது இன்னிங்ஸில்தான் தெரியும். வாங்குவதற்கு அவர் கையெழுத்துத் தேவையில்லை என்பதை அவள் அப்போதே குறித்து வைத்துக்கொண்டாள்.

நெதர்லாந்து ஏன் என்றால், தொண்ணூறுகளில் அகதிகளாகப் போய் இறங்கியது அங்கேதான். பத்து வருடம் டென் ஹாகில் ஒரு ஃப்ளாட்டில் இருந்துவிட்டுத்தான் லண்டனுக்கு வந்தார்கள். பாஸ்போட் இன்னமும் அந்த நாட்டுடையது, பாஷையும் துருப்பிடித்தபடி கிடந்தது. போய்ச் சேர்ந்த முதல் பொங்கலுக்கு, பக்கத்துக் கதவைத் தட்டிப் பொங்கலோடு நின்றாள். அந்த மனுஷி சட்டியைப் பார்த்தாள், மணிக்கூட்டைப் பார்த்தாள், உள்ளே போய் ஒரு டயறியை எடுத்து வந்தாள். "மிக்க நன்றி. இன்று ஒழுங்கு செய்யவில்லை. அடுத்த கிழமைக்கு அடுத்த வியாழன், மூன்றரை மணி சரியா?" சிவனேஸ்வரி அன்று முழுக்க அழுதாள். முப்பது வருடம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை கமலேஸ்வரிக்கு மூன்றாவது தேத்தண்ணி ஊற்றும்போதுதான், மனித நாகரிகம் அந்த டயறியோடு உச்சிக்குப் போய்விட்டது என்று விளங்கியது.

நெதர்லாந்தில் வீடு வாங்கித் தனியாக இருக்கப் போவதை ஹரோவில் இருக்கும் மகள் தக்ஷிகாவுக்கு மட்டும் சொன்னாள்.

"அம்மா, ஆர் யூ ஓகே? டிவோர்ஸ் எடுக்கிறது இதைவிட ஈஸி."

"விசர்க் கதை கதையாதை. டிவோர்ஸ் எடுத்தா அதை விசாரிக்க ஊரே வீட்டை வரும்."

"அப்பாட்டைச் சொல்ல மாட்டியளோ?"

"வீடு எழுதி முடியும் மட்டும் ஒருத்தருக்கும் வாய் திறக்கப்படாது. கண்ணூறு."

இது அவள் கண்டுபிடித்த சாட்டு இல்லை. வீடு வாங்கும் எந்த யாழ்ப்பாணத்தானும் கையெழுத்து வைக்கும்வரை வாயைத் தைத்துக்கொள்வான். அந்த வழக்கம் முதல் தடவையாக ஒரு பெண்ணுக்கு உபயோகமாகிறது என்று தக்ஷிகாவுக்குப் பட்டது. அன்றிரவே இணையத்தில் வீடு தேடத் தொடங்கினாள்.

கிடைத்தது நாட்டின் கிழக்கு ஓரத்தில், ஜேர்மனி எல்லைக்குப் பக்கத்தில், ஆல்டர்வெல்ட என்று ஒரு கிராமம். ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, எண்ண முடியாத மாடுகள். வீட்டுக்கு முன்னால் சோளக் காணி. தமிழ்ச் சங்கம் கிடையாது; அதை அவள் மூன்று தடவை சரிபார்த்தாள்.

"சனிக்கிழமை ஹொலண்ட் போட்டு வாறன், பழைய சிநேகிதி ஒருத்தியைப் பாக்க" என்றபோது ஸ்ரீஸ்கந்தராஜா கேட்ட ஒரே கேள்வி, "குழம்பு வச்சிட்டோ போறாய்?"

குழம்பு மட்டும் இல்லை, பயத்தம் பணியாரமும் சுட்டாள். விற்பனைக்குக் கிடக்கும் வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் கையில் ஒன்றும் கொண்டு போவதில்லை. ஆனால் ஒரு வீட்டுப் படி ஏறுகிறோம், வெறுங்கையோடு எப்படிப் போவது? ரோல்ஸ் தான் முதலில் நினைத்தாள். இப்போது பிரித்தானியாவில் இருந்து இறைச்சி கொண்டு போகக்கூடாது என்று தெரியாதவளா அவள்? எத்தனை பேருடைய ரோல்ஸைப் பிடித்திருப்பாள். ஆகவே நாற்பது பணியாரம், ஒரு பழைய பிஸ்கட் தகரத்தில்.

இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் மாறிப் போய் இறங்கினால், வாசலில் தரகரோடு சொந்தக்காரியும் நின்றாள். ஹெர்மின், எண்பத்தொரு வயது. மகனுடைய ஊரில் ஒரு ஃப்ளாட்டுக்குப் போகிறாள். செங்கல் வீடு, இரண்டு அறை, பின்னால் ஒரு பேரிக்காய் மரம். சிவனேஸ்வரி நேரே முன்கதவுக்குப் போய்க் கைபிடியைத் திருகினாள். அசையவில்லை. பெயின்ட் அடித்து அடித்துக் கதவும் நிலையும் ஒட்டிப் போயிருந்தன.

"அது திறக்காது," என்றாள் ஹெர்மின். "கடைசியாகத் திறந்தது ஒன்பது வருடத்துக்கு முதல், என் புருஷனின் சவப்பெட்டி வெளியே போனபோது."

ஒன்பது வருடம்! ஒரு குருவி கூட வராத வீடு! சிவனேஸ்வரி குளியலறையையும் கூரையையும் ஒப்புக்குப் பார்த்தாள். அவள் வாங்க முடிவெடுத்தது அந்த ஒட்டிப்போன கதவைத்தான். பின்கதவுக்கு வெளியே ஏன் இத்தனை சோடிச் சப்பாத்தின் சேற்று அடையாளம் என்று, பைக்குள் பிளேடைக் கண்டுபிடிக்கிற அந்தக் கண் ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை.

போகும்போது தகரத்தை நீட்டினாள். ஹெர்மின் ஒரு பணியாரம் எடுத்தாள், கடித்தாள், கண்ணை மூடினாள். "மிச்சம் எல்லாமும் எனக்கா?"

"ஓம். உங்களுக்கும்... ஆராவது வந்தால் அவைக்கும்." டச்சில் அதைச் சொல்லும்போது, வீட்டுக்கு ஒருவரும் வருவதில்லையே என்று கிழவிமேல் இரக்கமும் வந்தது.

கேட்ட விலையைத்தான் சிவனேஸ்வரி எழுதிக் கொடுத்தாள். ஒரு கிழமையில் தரகர், வீடு உங்களுக்கே என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்த ஒப்பந்தம் வந்து சேர்ந்தது. அந்த நாட்டுச் சட்டப்படி வாங்குகிறவருக்கு மூன்று நாள் யோசனைக் காலம். வெள்ளிக்கிழமை முடிவதற்குள் ஒரு மின்னஞ்சல் போட்டால் போதும், காரணம் சொல்லாமல் விலகலாம். "தேவைப்படாது, ஆனா இருக்கட்டும்" என்று தக்ஷிகா அந்த மின்னஞ்சலையும் எழுதி அம்மாவின் ஃபோனில் வைத்துவிட்டாள்.

புதன்கிழமை காலை ஃபோன் அதிரத் தொடங்கியது. சிவனேஸ்வரி சந்தைக்குப் போயிருந்தாள். ஃபோன் குசினி மேசையில். அவள் இரண்டு பை மரக்கறியோடு திரும்பி வந்தபோது ஸ்ரீஸ்கந்தராஜா ஃபோனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, பழைய டச்சைக் கூட்டிக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார்.

"ஆரப்பா இவன் பேரெண்ட்?"

"என்ன?"

"'அன்புள்ள சிவனேஸ்வரி, நீங்கள் வரும் நாளுக்குக் காத்திருக்கிறோம். என் பின்கதவு உங்களுக்கு எப்போதும் திறந்திருக்கும்.' இதயமும் போட்டிருக்கிறான்."

"எனக்கு அந்தாளை ஆரெண்டே தெரியாது."

"தெரியாதவனோ காத்திருக்கிறான்? கீழ படமும் இருக்கு. நல்ல உயரமான ஆள்."

சிவனேஸ்வரி ஃபோனைப் பிடுங்கினாள். 'வடக்கு ஒழுங்கை அயலவர்' என்று அந்தத் தெருவுக்கு ஒரு குரூப். எட்டு வீட்டார், அறுபத்து நாலு செய்தி. தரகரிடம் நம்பர் வாங்கி ஹெர்மினே சேர்த்துவிட்டிருந்தாள். "எழுபத்தாறு வயசுக் கிழவனப்பா. இஞ்ச எழுதியிருக்கு."

"நீ வயசு வேற கேட்டு வச்சிருக்கிறியோ!"

இனி ஒளிக்க ஏலாது. வெண்டிக்காய்ப் பையை மேசையில் வைத்தாள். "வீடு வாங்கியிருக்கிறன்."

"என்னத்தை?"

"வீடு. ஹொலண்டில. சீதனக் காசில."

ஸ்ரீஸ்கந்தராஜா கதிரையில் இருந்தார். பேரெண்ட் பரவாயில்லை என்பதுபோல ஒரு முகம். "என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

"எழுதி முடியும் மட்டும் சொல்லப்படாதெண்டு நீங்கள்தானே எல்லாருக்கும் புத்தி சொல்லுவியள்."

"அது வெளியாக்களுக்குச் சொல்லாதை எண்டு!"

"எங்கட வீட்டில ஆர் வெளியாள், ஆர் உள்ளாள் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். மனுஷன் உடைந்துபோனார் என்று நினைத்து, அவள் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டாள். அப்போது அவர் தலையை நிமிர்த்தினார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"எத்தினை அறை?"

அவள் கேத்திலை நிறுத்தினாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஈஸ்ட் ஹாம் வீட்டு ஹோலில் பதினொரு பேர். "சும்மா இந்தப் பக்கம் வந்தனான்" என்று கமலேஸ்வரி மிக்ஸர் பையோடு வந்திருந்தாள். "மச்சாள், கீழ் அறை எனக்கு. எனக்கு முழங்கால் ஏலாது எண்டு தெரியும்தானே." கீர்த்தனன், தான் முதலில் போய் இரண்டு கிழமை நின்று வீட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். அவனுடைய இரண்டு கிழமை என்ன நீளம் என்று அந்த அறையில் ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஸ்ரீஸ்கந்தராஜா கடதாசியும் பேனையுமாக நடுவில் இருந்தார். "சங்கத்தின்ர கோடை ஒன்றுகூடலை அங்கயே வைக்கலாம். ரெண்டு கோச் பஸ் பிடிச்சாக் காணும். முன்னால சோளக் காணியாம், வெட்டின பிறகு கிரிக்கெட் அடிக்கலாம்."

ஃபோன் திரும்ப அதிர்ந்தது. பேரெண்ட். சிவனேஸ்வரி மேலே ஓடி, குளியலறைக் கதவைப் பூட்டி, கொமோட் மூடியில் இருந்தாள்.

பேரெண்ட் சந்தோஷமான குரலில் ஒழுங்குகளைச் சொன்னான். வாசலுக்கு வளைவு கட்டக் கடதாசி ரோஜா செய்யத் தொடங்கிவிட்டார்கள். வந்த அன்று எட்டு வீடும் வரும். அந்த ஊர் வழக்கத்தில் முதலாவது அயலவன், அதாவது அடுத்த வீட்டுக்காரன், அவன்தான் என்பதால் பின்கதவுப் பூட்டைத் திறக்க ஒரு திறப்பு அவனிடம் இருக்கும். காய்ச்சல் வருத்தமென்றால் சூப் வரும். "நீங்கள் செத்தால் பெட்டி தூக்குவதும் நாங்கள்தான். ஆறு பேர் போதும், ஆனால் எட்டாகச் செய்கிறோம்."

"நான் கையெழுத்து வைத்து இன்னும் மூன்று நாள் முடியவில்லை," என்றாள் சிவனேஸ்வரி.

"கையெழுத்தெல்லாம் தரகருக்கு. நீங்கள்தான் அன்றைக்கே ஒழுங்கை முழுவதற்கும் பலகாரம் கொடுத்தீர்களே. இங்கே புதிதாக வருகிறவர் அயலுக்குச் சாப்பாடு கொடுத்தால் அவர் எங்கள் ஆள். உங்களைவிடக் கூட விலை கேட்ட ஒரு பல் டாக்டர் இருந்தார். வெறுங்கையோடு வந்தார்."

கீழே ஹோலில் யாரோ கைதட்டினார்கள். கோச் எத்தனை மணிக்குப் புறப்படுவது என்று முடிவாகியிருக்க வேண்டும். சிவனேஸ்வரி ஃபோனைக் காதிலிருந்து எடுத்து, தக்ஷிகா எழுதி வைத்த மின்னஞ்சலைத் திறந்தாள். ஒரு விரல் தட்டினால் போதும். காணியும் போய், வீடும் போய், லொஃப்ட் மட்டும் மிஞ்சும். போகிறதுதான் போகிறது, இந்த மனுஷனுக்காவது உண்மையைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று ஃபோனைத் திரும்பக் காதில் வைத்தாள்.

"பேரெண்ட், எனக்கு இது வேண்டாம்."

"எது? ரோஜாவா?"

"எல்லாம். ஒருவரும் வராத வீடு என்றுதான் நான் வாங்கினேன். முன்கதவு ஒன்பது வருடம் திறக்கவில்லை என்றாள் ஹெர்மின். அதில்தான் ஆசைப்பட்டேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. "முன்கதவால் பிணம்தான் போகும். உயிரோடு இருக்கிறவர்கள் பின்பக்கத்தால் வருவோம்." பிறகு சிரிப்பு நின்றது. "ஆக, நாங்கள் வரக்கூடாது."

"கேட்காமல் வரக்கூடாது."

"சரி."

அவள் காத்திருந்தாள். இனித்தான் வரும் என்று நினைத்தாள். நாங்கள் ஆசையாகச் செய்தோம், நீங்கள் எங்களை மதிக்கவில்லை, பரவாயில்லை, நாங்கள் சாதாரண சனம்தானே. ஒன்றும் வரவில்லை.

"உங்களுக்குக் கோபம் இல்லையா?"

"ஏன்? வேண்டாம் என்றீர்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது. குரூப்பில் எழுதிவிடுகிறேன். திறப்பை உங்களிடமே தருகிறேன்."

ஒரு நிமிஷத்தில் குரூப்பில் விழுந்தது: 'சிவனேஸ்வரி தனியாக இருக்க விரும்புகிறார். பின்கதவு பூட்டியிருக்கும். முதலில் கேட்கவும். பெட்டி தூக்குவது வழக்கம்போல.' அதன் கீழே ஏழு பெருவிரல்கள் நிமிர்ந்தன. எட்டாவது ஹெர்மின், அவள் பணியாரத்துக்குச் செய்முறை கேட்டிருந்தாள். ஒருவரும் கோபித்துக்கொண்டு குரூப்பை விட்டுப் போகவில்லை. இதே வசனத்தை சங்கத்து வாட்ஸ்அப்பில் போட்டிருந்தால் மூன்று கலியாணத்துக்கு அழைப்பு நின்றிருக்கும், ஒரு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் முகம் திருப்பியிருப்பார்கள்.

சிவனேஸ்வரி மூடியிலேயே கொஞ்ச நேரம் இருந்தாள். இரண்டு இடத்திலும் சனம் சனம்தான். ஒரு இடத்தில் வேண்டாம் என்று சொல்லலாம். சொல்லிப் பார்க்காததுதான் மற்ற இடத்தின் கதை. இருபது வருடத்தில் அந்த ஹோலில் அவள் அந்தச் சொல்லை ஒரு தடவை கூடப் பாவித்ததில்லை. தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்பதைத் தவிர.

மின்னஞ்சலை அழித்தாள். கீழே இறங்கினாள்.

"மச்சாள், வாங்கோ வாங்கோ, உங்களத்தான் பாத்துக்கொண்டிருக்கிறம். தேத்தண்ணி..."

"அந்த வீட்டுக்கு ஒருத்தரும் வரேலாது," என்றாள் சிவனேஸ்வரி.

மிக்ஸர் கடிக்கும் சத்தம் நின்றது.

"பகிடிக்குச் சொல்லுறா," என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

"பகிடி இல்லை. சங்கம் இல்லை, கோச் இல்லை, கீழ் அறை இல்லை. கீர்த்தனன், உனக்கு ரெண்டு கிழமையும் இல்லை, ரெண்டு மணித்தியாலமும் இல்லை. நான் கூப்பிட்டா வாங்கோ. கூப்பிடாட்டி, இல்லை."

"நாங்கள் என்ன பிற ஆக்களோ?" கமலேஸ்வரியின் குரல் உடைந்தது.

"இல்லை மச்சாள். பிற ஆக்களெண்டா நான் எப்பவோ சொல்லியிருப்பன்."

கமலேஸ்வரி மிக்ஸர் பையின் வாயைச் சுருட்டி ரப்பர் பாண்ட் போட்டு, அதையும் எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. இது தண்டனையாம். சிவனேஸ்வரி அந்தத் தண்டனையைச் சோபாவில் படுத்தபடி, முழுக்க அனுபவித்தாள்.

ஸ்ரீஸ்கந்தராஜா ஐந்து நாள் பேசவில்லை. ஆறாம் நாள் பேசியபோது, லொஃப்டைத் தன்னுடைய காசில் போடுவதாக அறிவித்தார். "நல்லாப் போடுங்கோ," என்றாள் அவள், "தேத்தண்ணி ஊத்த ஒரு சிங்க்கும் மேலயே வையுங்கோ. கேத்தில் உங்கட பக்கம்." அவர் சிங்க்கும் வைத்தார். முதல் கிழமை பால் திரைந்தது. இரண்டாம் கிழமை பழகிவிட்டார், கீர்த்தனனையும் பழக்கினார்.

ஜூன் மாதம் திறப்பு கைக்கு வந்தது. சென் பாங்க்ரஸ் ஸ்டேஷனுக்கு அவளுடைய பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தது ஸ்ரீஸ்கந்தராஜாதான். வழியெல்லாம் பெட்டியின் சில்லைப் பற்றிக் குறை சொன்னார். பாஸ்போட் பார்க்கும் வரிசைக்கு முன்னால், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நான் எண்டா வரலாமோ?"

"நீங்கள் கேட்டா வரலாம்."

"இப்ப கேக்கிறன்தானே. ஓகஸ்ட்?"

அவள் யோசித்தாள். "ஓகஸ்ட் ஏலாது. செப்டெம்பர் முதல் கிழமை வாங்கோ. நாலு நாள்."

"ஏன், ஓகஸ்டில ஆர் வருகினம்?"

"ஒருத்தரும் வரேல்லை," என்றாள் சிவனேஸ்வரி, பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு. "அதாலதான் ஏலாது."